ஞானத்தாயின் கட்டைவிரல்

மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க என் பக்கம் ஒரு உறவும் இல்லை.

"நீங்க என்ன, மரத்துல காய்ச்சீங்களா?" என்றாள் மனைவி.

பொத்துக்கொண்டு வந்த ரோஷத்தில், தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் சொந்தம் தேடினேன். பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது.

"இப்போதைக்கு கரையான்தான் சார் உங்க நெருங்கின சொந்தம்," என்றார் எழுத்தர்.

நான், அப்பா, தாத்தா, மூவருக்கும் ஞானத்தாயின் பெயர் அரிபட்டு, கட்டைவிரல் ரேகை மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்றிலும் ஒரே ரேகை. குறுக்கே ஒரே வெட்டுத் தழும்பு.

ஞாயிறன்று, "ஞானத்தாய் எங்கே?" என்றார் பாதிரியார். நான் அசடு வழிந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்து வந்து கைகளை நீட்டினாள்.

"குடுப்பா. அடேயப்பா, உங்க தாத்தாவைவிட கனமா இருக்காளே!"

வீறிட்டுக்கொண்டிருந்த மகள் அடங்கினாள். அவள் நெற்றியை வருடிய கட்டைவிரலின் குறுக்கே அந்தத் தழும்பு இருந்தது.

மனைவி என் காதருகே குனிந்தாள். "யாருமே இல்லைன்னீங்க?"