கார்னேஷன் கொத்து

மிரேய் வீசிய கார்னேஷன் பூங்கொத்து இயக்குநர் மொர்வானின் மூஞ்சியில் போய் விழுந்தது. பியான்கூர் ஸ்டூடியோவில் அப்போது கேமரா ஓடவில்லை. இது நடிப்பில்லை.

"என் ஒப்பனை அறையில இதை வெச்சது யாரு? நீதானே?"

தெருவில் போட்டுவந்த தொப்பியையும் கையுறையையும்கூட அவள் இன்னும் கழற்றவில்லை.

செட்டில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாரிஸில் நடிகைக்கு ரோஜா வந்தால் வேலை நீடிக்கும். கார்னேஷன் வந்தால் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். நாடகக் கொட்டகைக் காலத்துப் பழக்கம், இன்னும் யாருக்கும் மறக்கவில்லை.

"சத்தியமா நான் வைக்கல, மிரேய்!" மொர்வானுக்கு வியர்த்தது. படம் பாதியில் நிற்கிறது, கதாநாயகி அவள்.

"பின்ன யாரு, உன் ரப்பர் குழாய் மழை வெச்சுதா? கொலைகாரன் வந்தா மழை, போலீஸ் வந்தா மழை! மூணு படமா அதே கோட்டு, அதே திருட்டு முழி. கொலைகாரன் யாருன்னு டிக்கெட் கிழிக்கிறவனே சொல்லிடுவான்!"

விளக்குக்காரன் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். மொர்வானின் காது சிவந்தது. அவரை மேதை என்று நம்பும் ஒரே ஆள் ஊரில் அவர்தான். அவருக்கு எப்படிப் பொறுக்கும்?

"பிடிக்கலைன்னா விலகிக்கோ! நீயா விலகினா ஒப்பந்தப்படி ரெண்டு வருஷம் வேற எந்தப் படத்துலயும் தலைகாட்ட முடியாது, ஞாபகம் இருக்கட்டும்!"

"நானா எதுக்கு விலகணும்? திருட்டுத்தனமா பூ வைக்கத் தெரியுது, நேர்ல வாயைத் திறந்து சொல்லத் தெரியலையோ? த்தூ! உனக்குப் படம் எடுக்கவும் வராது, ஆளை விரட்டவும் வராது!"

இந்தத் தடவை செட்டு முழுக்கச் சிரித்தது.

"போடி வெளியே!" மொர்வான் நாற்காலியை எட்டி உதைத்தார். "இந்தப் படத்துல இனி நீ கிடையாது! எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க!"

முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு மிரேய் வெளியேறினாள். ஒப்பனைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருமுனைக் காப்பிக் கடையில் நுழைந்த மிரேய், தொலைபேசியில் போட்டிக் கம்பெனி முதலாளியை அழைத்தாள்.

"நாளைக்கே உங்க படத்துக்கு வந்துடறேன், அந்தாளு வாயாலயே என்னைத் துரத்த வெச்சுட்டேன்! கார்னேஷன் வாங்க நான் கொடுத்த காசு வீண்போகல!"