காதுமூடிக்குள் ஒரு குரல்

குற்றாலத்தில் காற்றுக்குச் சாய்ந்த மாமரத்தை அறுக்க, காளீஸ்வரி அன்றுதான் முதன்முதலாகச் செயின்சாவைப் பிடித்தாள். தலைக்கவசமும் காதுமூடியும் மாட்டும்போதே உடம்பெல்லாம் துள்ளியது. கணவன் பேச்சிராஜ் தள்ளி நின்றான். மெஷின் உறுமியது. பாதி அறுக்கையில், "ஏட்டி, இடப்பக்கம் தள்ளி நில்லு" என்று காதுக்குள் தெளிவாகக் கேட்டது. தள்ளி நின்றாள். அழுந்திக் கிடந்த கிளை விடுபட்டு, அவள் தலையிருந்த இடத்தில் சாட்டையாய் வீசிப் போனது.

மெஷினை அணைத்துக் கீழே வைத்தாள். காதுமூடியைக் கழற்றிச் சிரித்தாள். "நல்லவேளை சொன்னிய."

ஓடிவந்து பக்கத்தில் நின்ற பேச்சிராஜ் விழித்தான். "நான் வாயே தொறக்கலட்டி."

அவளுக்குப் பயம் வரவில்லை, ஆவல்தான் பொங்கியது. காதுமூடியை மறுபடி மாட்டினாள்.

"அவனையும் தள்ளி நிக்கச் சொல்லு" என்றது அதே குரல்.

கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது, அணைத்து வைத்த மெஷினின் அறுக்கும் சங்கிலி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.