மூன்றாம் மாடி மணி

"கட். மறுபடியும் கெடுத்துட்டார்."

இயக்குநர் மாய்த்தே தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் தெருக்கதவைத் திறந்தபடி மூன்றாம் மாடி ஃபெர்மின் நின்றிருந்தார். உள்பனியன், கையில் ஒற்றைச் செருப்பு.

"ஐயா, இது சினிமா. பயந்து ஓடி வர்ற பொண்ணு எல்லா வீட்டு மணியையும் அடிக்கறா, ஒருத்தரும் திறக்கலை. கதையே அதுதான். நீங்க இன்னிக்கு மட்டும் நாலு தடவை திறந்துட்டீங்க."

"ராத்திரி பூரா ரொட்டி அடுப்புல வேலைம்மா. பகல்லதான் தூக்கம். ஏதோ கலக்கத்துல இறங்கி வந்துடறேன்."

கதவில் பெரிதாக எழுதியே ஒட்டியிருந்தார்கள்: 'வெள்ளிக்கிழமை வரை படப்பிடிப்பு. மணி அடித்தாலும் திறக்க வேண்டாம்.'

வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. நாலு தெரு தள்ளி வசிக்கும் பதினாறு வயது நெரேயா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். செருப்பும் கையுமாக அவர் நிற்பதை போனில் வீடியோ எடுத்தாள். 'தூக்கத்தில் நடப்பவர்' என்று பெயர் வைத்து தோழிகளுக்கெல்லாம் அனுப்பினாள்.

மறுநாள் மதியம் மூன்றரை மணி. மாட்ரிட்டின் ஜூலை வெயில். கடைகள் சாத்தியிருந்தன. ஜன்னல் மறைப்புகள் எல்லாம் இறங்கியிருந்தன. படக்குழு சாப்பிடப் போயிருந்தது.

மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்தவன் நெரேயாவோடேயே இறங்கினான். அவள் தெருவைக் கடந்தாள். அவனும் கடந்தான். அவள் நின்றாள். அவனும் நின்றான்.

"ஏன் இவ்வளவு வேகம்? பேரை மட்டும் சொல்லிட்டுப் போயேன்."

வீட்டில் யாரும் இல்லை. காலையெல்லாம் அந்த வீடியோவைக் காட்டிக் காட்டி போனில் சார்ஜும் தீர்ந்திருந்தது. ஓடினாள். பின்னாலும் காலடி ஓடி வந்தது.

கண்ணில் பட்டது படப்பிடிப்பு நடந்த அந்தக் கட்டடம்தான். எல்லா மணிகளையும் சேர்த்து அழுத்தினாள்.

"திறங்க. யாரோ துரத்திட்டு வர்றான். தயவுசெஞ்சு திறங்க."

"திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கண்ணு." மணிகளுக்கு மேலிருந்த ஒலிபெருக்கியில் முதல் மாடிக் குரல்.

"ஐயோ, இது படமில்லை."

"இன்னிக்கு அழுகை நல்லா வருது. நேத்து சுமார்தான்." இரண்டாம் மாடி அம்மாள் பாராட்டிவிட்டு வைத்தாள்.

நான்காம் மாடி எடுத்த வேகத்தில் துண்டித்தது. மூன்றாம் மாடியிலிருந்து சத்தமே இல்லை.

அவன் வந்துவிட்டான். அவசரப்படாமல் அவள் தலைக்கு மேலே கையூன்றி, கதவிலிருந்த காகிதத்தைப் படித்தான். சிரித்தான்.

"திறக்க மாட்டாங்களாம். பார்த்தியா?"

அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றின.

கதவு திறந்தது.

உள்பனியன். மூச்சிரைப்பு. ஓங்கிய கையில் ஒற்றைச் செருப்பு.

"கையை எடு."

"சும்மா... தெரிஞ்ச பொண்ணு சார்..."

"எடுடா."

அவன் போன வேகத்தில் தெருமுனைவரை திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெர்மின் அவளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டார். அவள் படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்க... தூக்கக் கலக்கத்துலதானே திறப்பீங்க?"

"மூணு நாளா எங்கேம்மா தூங்கினேன்?"

செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.

"நடிப்பா நிஜமான்னு மூணாவது மாடியில இருந்துக்கிட்டு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து பார்த்தாத்தானே தெரியும்."