ஓரகத்தி அனுப்பிய தொடர்

"இந்தத் தொடரைப் படிடி கோதை, சோறு தண்ணி மறந்துடும்" என்று என் ஓரகத்தி செல்வநாயகி லிங்க் அனுப்பினாள். இந்தக் காலத்துத் தொடர்கள் படிப்பவர் மனதை மோப்பம் பிடித்துத் தாமே எழுதிக்கொள்பவை, ஆளுக்கொரு கதை. புதிதாகத் தொடங்கும் லிங்க்கை விட்டுத் தனக்கென எழுதப்பட்டதையே அனுப்பித் தொலைத்திருந்தாள், அவசரக்குடுக்கை.

அதில் இளைய மருமகள், என்னைப்போலவே மோவாயில் மச்சமுள்ளவள், முப்பதாம் அத்தியாயத்தில் மாடிப்படியில் உருண்டு சாகிறாள். அந்த அத்தியாயத்தை மட்டும் செல்வநாயகி பதினேழு முறை படித்திருந்ததாக ஓரத்தில் கணக்கு காட்டியது.

மறுநாள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள், "எப்படிடி இருக்கு?"

"பிரமாதம்க்கா. ஆனா முப்பது அத்தியாயம் எப்படித்தான் பொறுத்தீங்களோ? என் தொடர்ல மூத்த மருமக முதல் அத்தியாயத்தையே தாண்டல."