மாறிப்போன தூக்குவாளி

வீடு பிடித்திருந்தது. ஆனாலும் தெருவை நாலு நேரமும் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்று பியூலா டீச்சர் சொல்லிவிட்டாள். காலையில் போய்ச் சாக்கடையைப் பார்த்தாள். சாயங்காலம் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கணவர் ஜாஸ்பர் கட்டிலில் சாய்ந்ததும், அக்கம்பக்கத்தை விசாரிக்கத் தனியாகக் கிளம்பினாள்.

பக்கத்து வீட்டு இசக்கிச்செல்வியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மழைக்கு இங்கன வெள்ளம் ஏறுமா?"

"வாசப்படி வரைக்கும் வரும். உள்ள வராது," என்ற இசக்கிச்செல்வி எழுந்துபோய் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். "நல்லவேளை வந்திய டீச்சர். இது ஒங்க வாளி. சார் தவறுன அன்னைக்கு ஒங்க வீட்டுக்குக் காப்பி கொண்டாந்தோம்லா, அப்ப மாறிப்போச்சு. எங்க வாளி அங்கன இருக்கும்."

"யாரையோ நெனச்சிச் சொல்லுதீங்க. நாங்க இன்னும் வீடே வாங்கலயே."

இசக்கிச்செல்வி இரக்கத்தோடு பார்த்தாள். வாளியை அவள் கையில் கொடுத்தாள்.

வாளியின் மூடியில் 'ஞா. பியூலா' என்று பேர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்தது. காலையில்தான் அதைக் கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்திருந்தாள்.

ஆட்டோ பிடித்து வண்ணார்பேட்டையில் தன் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில், வாளியைக் கவிழ்த்த இடத்தில், வேறொரு வாளி நிமிர்ந்து நின்றது. மூடியில் 'இசக்கிச்செல்வி' என்று வெட்டியிருந்தது. திறந்தாள். காப்பியிலிருந்து ஆவி வந்தது.

"ஏங்க" என்று படுக்கையறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிட்டாள்.