எனக்கு எத்தனை வீதம்?

கொரோனா வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தேன். டொக்டர் ஹிமாயா என் அடையாள அட்டையைப் பார்த்து வயதைக் கணினியில் தட்டினார்.

"எழுபது வயசு. பிழைக்க அறுபது வீதம் வாய்ப்பிரிக்கி மாமா. பயப்புடாதீங்க."

எனக்கு வேறு பயம். அந்த எழுபது, பிறப்புப் பத்திரம் சூறாவளியில் பறந்துவிட்டது என்று சொல்லி, கலியாணத்துக்காகக் குறைத்துப் பதிந்த வயது. பொய்யோடு மவுத்தாகக் கூடாதே என்று தௌபா செய்து, அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, உண்மையைச் சொல்லத் துணிந்தேன்.

"மகள், எனக்கு எழுபத்தாறு."

மறுபடி தட்டினார். முப்பத்தைந்து வீதம்! வாய் திறந்த குற்றத்துக்கு இருபத்தைந்து வீதம் போய்விட்டது. இனிப் பேசுவதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்டர் விடவில்லை. என் மனைவி சபூறாவுக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமாக்கு எழுபத்தாறாம். சரிதானே மாமி?"

"மவுத்து வார நேரத்துலயும் ஏழு வயசக் குறைச்சிட்டாரா இந்த மனிசன்? எண்பத்திமூணு, புள்ள!"

கணினி பத்து வீதம் என்றது.

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும் மாமி?"

"கலியாணத்தண்டே அவர்ர உம்மா சொல்லிட்டா. தாடிக்கு மை பூசிப் பூசி எளந்தாரி எண்டு திரியிறார், பாவம், திரியட்டும் எண்டு நாப்பத்திரண்டு வருசமா நானும் ஒண்டும் கதைக்கல்ல."

அந்தப் பத்து வீதத்தில்தான் வீடு வந்து சேர்ந்தேன், வெள்ளைத் தாடியோடு.