இரண்டு முறை விழும் எழுத்து

டெக்னோபார்க்கில் ஒரு சிறிய அலுவலகம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கீபோர்டும் மவுஸும் ஒரேபோல வேலை செய்வதற்கான லைப்ரரியை, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது குழுத்தலைவர் கோமதிநாயகம் ஸ்ரீலட்சுமியின் மேஜைக்கு வந்தார்.

“ஒரு தடவை அமுக்கினா எழுத்து ரெண்டு தடவை விழுது, கேட்டியா. நம்ம லைப்ரரியிலதான் எங்கேயோ தப்பு. நீயே பாரு, வேற யாருகிட்டேயும் சொல்லண்டாம்.”

ஸ்ரீலட்சுமி இரண்டு நாள் தேடினாள். அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். எழுத்து ஒழுங்காக விழுந்தது. கீபோர்டை மாற்றிக் கொடுத்தாள். அவர் தட்டியபோது மறுபடியும் இரட்டித்தது. கடைசியில், ஒவ்வொரு விசையும் அழுந்தும் நேரத்தையும் விடுபடும் நேரத்தையும் குறித்துவைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அவரைத் தட்டச் சொன்னாள்.

பதிவை வரிவரியாகப் பார்த்தாள். லைப்ரரி எந்த எழுத்தையும் தானாகச் சேர்க்கவில்லை. விசை நிஜமாகவே அழுந்தி, விடுபட்டு, மறுபடி அழுந்தியிருந்தது.

“லைப்ரரி சரியாத்தான் இருக்கு, சார்.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன் சார். விரல்தான் ரெண்டு தடவை அமுக்குது.”

கோமதிநாயகம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

“நடுக்கம் இனிமே கூடத்தான் செய்யும்னு டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு. லைப்ரரியிலதான் தப்புன்னு நீ சொல்லிர மாட்டியான்னு ஒரு ஆசை.”

ஸ்ரீலட்சுமி நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“அந்த ரெண்டாவது அமுக்கலை லைப்ரரியே கணக்குல எடுக்காம விட்டுரட்டும் சார். எவ்வளவு இடைவெளிக்குள்ள வந்தா விடணும்னு நீங்க தட்டிக் காட்டுங்க.”